கர்ப்பத்திலும் பிரசவத்திலும் ரத்தப்போக்கு: எதைக் கவனிப்பது, எப்போது கிளம்புவது, மருத்துவமனையில் என்ன செய்வார்கள்

மாசமாக இருக்கும் பெண்ணுக்கு ரத்தக் கறை பட்டதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "என்ன சாப்பிட்டே? கனம் ஏதும் தூக்கினியா?" என்பதுதான். இந்த விசாரணையால் ஒரு பயனும் இல்லை. பழுத்த பப்பாளி ஒரு துண்டு தின்றதாலோ, மாடிப்படி ஏறியதாலோ நல்ல கரு கலைந்துவிடாது. கேட்க வேண்டியவை வேறு. எத்தனையாவது வாரம்? எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ரத்தம் போனது? வலி இருக்கிறதா, எந்த இடத்தில்? தலைசுற்றல், மயக்கம் உண்டா? இந்த நாலுக்கும் பதில் கையில் இருந்தால், போனில் பேசும் நர்ஸோ டாக்டரோ அரை நிமிடத்தில் முடிவு சொல்லிவிடுவார்.

முதல் ஐந்து நிமிடம்

புதிய நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வேட்டித் துணி வேண்டாம். அது எவ்வளவு உறிஞ்சியது என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. உள்ளே வைக்கும் டாம்பனும் கப்பும் கூடவே கூடாது. அந்தப் பெண் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டாம். மயங்கி விழுந்தால் கதவை உடைக்க வேண்டிவரும். கட்டியோ சதைத் துணுக்கோ வெளிவந்தால் சுத்தமான டப்பாவில் போட்டு எடுத்துப்போங்கள். அது வெறும் ரத்தக்கட்டியா, கருவின் திசுவா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும்.

கறை மட்டும் படுகிறது, பேட் நனையவில்லை, வலியும் இல்லை, கர்ப்பமும் ஆரம்ப வாரங்களில்தான் என்றால் அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்த்தால் போதும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க ஊறி, அடுத்த மணி நேரத்திலும் அதேபோல ஊறினால் உடனே கிளம்ப வேண்டும். 28 வாரம் தாண்டிய பெண்ணுக்கு இந்தப் பேட் கணக்கெல்லாம் கிடையாது. எவ்வளவு கொஞ்சமாகப் பட்டாலும் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த மாதமானாலும், மயக்கம், தோள்பட்டை வலி, கல் மாதிரி இறுகிய வயிறு, குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் ஒன்று இருந்தால் 108; இலங்கையில் 1990.

கண் பாதியைத்தான் பார்க்கும்

ரத்த இழப்பைக் கண்ணால் மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவார்கள். அனுபவமுள்ள டாக்டர்களும் இதற்கு விலக்கில்லை. பிரசவ வார்டில் பயன்படும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. முழுக்க ஊறிய பேட் ஒன்று ஏறக்குறைய 100 மில்லி. தரையில் அரை மீட்டர் அகலத்துக்குத் தேங்கினால் 500 மில்லி. முக்கால் மீட்டர் என்றால் 1 லிட்டர், ஒரு மீட்டர் என்றால் 1.5 லிட்டர். கட்டில் விரிப்போடு நின்றால் 1 லிட்டர். கட்டிலைத் தாண்டித் தரையில் வழிந்தால் 2 லிட்டர். 500 மில்லி எவ்வளவு என்று மனதில் பதிய வேண்டுமானால் அரை லிட்டர் ஆவின் பால் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு என்று மருத்துவம் பெயர் வைப்பது அந்த அளவிலிருந்துதான்.

இதைவிடத் துல்லியமான வழி எடை போடுவது. ஊறிய பேடின் எடையிலிருந்து காய்ந்த பேடின் எடையைக் கழித்தால், மீதி உள்ள ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி ரத்தம். சமையலறைத் தராசே இதற்குப் போதும்.

நிறைமாதப் பெண்ணின் உடலில் கிலோவுக்கு 90 முதல் 100 மில்லி வரை ரத்தம் இருக்கும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாலரை, ஐந்து லிட்டர். கர்ப்பத்தில் ரத்த அளவு கூடிவிடுவதால் முதலில் இழக்கும் ஒரு லிட்டரை உடல் மறைத்துக்காட்டிவிடும். ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும். அதற்கு முன்பே நாடி வேகமெடுத்துவிடும். "பிரஷர் நார்மலா இருக்கே" என்று சும்மா இருந்துவிட்டுக் கெட்டுப்போன கேஸ்கள் ஏராளம். நிமிடத்துக்கு 100க்கு மேல் நாடி, குளிர்ந்து வியர்த்த கை, காரணமில்லாத பதற்றம், தாகம், கொட்டாவி: இவை பிரஷர் கருவிக்கு முன்னால் பேசும்.

முதல் 12 வாரம்

கர்ப்பிணிகளில் நாலில் ஒருவருக்கு இந்தக் காலத்தில் கொஞ்சமாவது ரத்தம் படும். அவர்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பம் நல்லபடியே தொடர்கிறது. கரு ஒட்டும் நேரத்தில் படும் லேசான கறை, கர்ப்பப்பை வாயில் உள்ள சின்னப் புண், உறவுக்குப் பின் வரும் கறை ஆகியவை ஆபத்தில்லாதவை. ஆனால் எது எது என்று வீட்டிலிருந்தபடி பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு ஸ்கேன் வேண்டும். பிறப்புறுப்பு வழியே எடுக்கும் ஸ்கேனில் ஆறாவது வாரத்தை ஒட்டிக் கருவின் இதயத்துடிப்பு தெரியும். துடிப்பு தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அதற்கு முன்பே எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். பத்து நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் "கலைஞ்சிடுச்சு, கிளீன் பண்ணிடலாம்" என்று அவசரப்படுத்துபவரிடம் இரண்டாம் கருத்து கேளுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கருக்குழாயில் கரு தங்குவது. நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில்தான் இது நேரும். ஆனால் ஆரம்ப மாதங்களில் உயிரைப் பறிப்பதில் இதுவே முதலில் நிற்கிறது. வெளியே தெரியும் ரத்தம் கொஞ்சம்தான். அதுவும் கரும்பழுப்பாக, விட்டு விட்டுத்தான் வரும். குழாய் வெடித்தால் ரத்தம் முழுவதும் வயிற்றுக்குள் நிறையும். அடிவயிற்றில் ஒரு பக்க வலி, மலம் வருவது போன்ற உந்துதல், எழுந்தால் கண் இருட்டுதல் ஆகியவற்றோடு தோள்பட்டை நுனியில் ஒரு வலியும் வரும். தோளில் ஒரு குறையும் இருக்காது. வயிற்றில் தேங்கிய ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதை மூளை தோள்வலியாகப் படித்துக்கொள்கிறது. "வாயுப் பிடிப்பு" என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்து இரவு முழுக்க வைத்திருப்பது இங்கேதான் நடக்கிறது.

இதில் இரண்டு இடங்களில் அடிக்கடி சறுக்குகிறார்கள். ஒன்று, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண். அவருக்கு வயிற்றுவலி என்றால் கர்ப்பம் என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை. அந்த ஆபரேஷனுக்குப் பிறகும் கருத்தரித்தால், மூன்றில் ஒன்று குழாயில் தங்கியதாக இருக்க வாய்ப்புண்டு. ஆகவே நாள் தள்ளிப்போனால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. இரண்டாவது, ஸ்கேன் எடுக்காமல் மெடிக்கல் ஷாப்பில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுவது. குழாயில் உள்ள கருவை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. ரத்தம் மட்டும் போகும்; "கலைந்துவிட்டது" என்று நம்பிக்கொண்டிருக்கும்போது குழாய் வெடிக்கும்.

குழாய்க் கர்ப்பத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியிலேயே கரைக்கலாம். ஸ்கேனில் தெளிவு கிடைக்காதபோது கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் இருமுறை எடுப்பார்கள். நல்ல கர்ப்பத்தில் அந்த எண் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். குழாய்க் கர்ப்பத்தில் தயங்கித் தயங்கி ஏறும். அந்த இரண்டாவது பரிசோதனைக்குப் போகாமல் விடக்கூடாது.

வாந்தி மிக அதிகம், வயிறு நாளுக்கு மீறிப் பெரிது, ரத்தத்தோடு சின்னத் திராட்சை போன்ற குமிழ்கள் என்றால் அது முத்துப்பிள்ளைக் கர்ப்பமாக இருக்கலாம்; நஞ்சுக்கொடித் திசு குமிழ் குமிழாகப் பெருகும் கோளாறு அது. வெற்றிட முறையில் (குழாயால் உறிஞ்சி) கருப்பையைச் சுத்தம் செய்த பிறகும் ஹார்மோன் அளவு இறங்கும்வரை மாதக்கணக்கில் பரிசோதனை தொடர வேண்டும். விட்டுவிட்டால் சிலருக்குப் புற்றுநோயாக மாறும்.

இதயத்துடிப்பு இருந்தும் ரத்தம் படுகிறது என்றால் என்ன செய்வது? கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று மாதக்கணக்கில் படுக்க வைப்பதால் கருச்சிதைவு குறைவதாக எந்த ஆய்விலும் நிரூபணமாகவில்லை. காலில் ரத்தம் உறைவது, மனச்சோர்வு ஆகியவைதான் மிச்சம். கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் எல்லோருக்கும் பயன் தருவதில்லை. முன்பே கருச்சிதைவு ஆகி, இப்போதும் ரத்தம் படுபவர்களுக்கு அது உதவுவதாக 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது.

கரு நின்றுவிட்டது உறுதியானால் வழி மூன்று: தானாக வெளியேறக் காத்திருப்பது, கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை, வெற்றிட முறையில் சுத்தம் செய்வது. மாத்திரை போட்டவருக்கு வலியும் கட்டிகளும் வருவது இயல்பு. மணிக்கு இரண்டு பேட் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஊறினாலோ, காய்ச்சலும் நாற்றமும் சேர்ந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நெகட்டிவ் குரூப்பா?

தாய் ஆர்.எச். நெகட்டிவ், தந்தை பாசிட்டிவ் என்றால், ஒவ்வொரு ரத்தப்போக்கின்போதும் டாக்டரிடம் நீங்களாகவே அதைச் சொல்லுங்கள். குழந்தையின் ரத்தம் சிறிதளவு தாயின் உடலில் கலந்தாலும் எதிர்ப்பொருள் உருவாகி, அடுத்த குழந்தையின் ரத்தத்தை அழிக்கும். 28ஆவது வாரத்தில் ஒன்று, குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஒன்று என அந்த எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் 300 மைக்ரோகிராம் ஆன்டி-டி ஊசி போடுவது வழக்கம். கருச்சிதைவு, குழாய்க் கர்ப்பம், நடுவில் வரும் ரத்தப்போக்கு, வயிற்றில் அடி ஆகியவற்றுக்கும் இந்த ஊசி தேவையா, எவ்வளவு என்று கேட்டே ஆக வேண்டும். டிஸ்சார்ஜ் அவசரத்தில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான்.

நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதா?

ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் "நஞ்சுக்கொடி கீழிறங்கி உள்ளது" என்று பார்த்துவிட்டுப் பாதிப்பேர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்குக் கர்ப்பப்பை வளர வளர அது மேலே போய்விடும். 32 வாரத்தை ஒட்டி மறு ஸ்கேன் எடுத்து, அப்போதும் கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால்தான் சிசேரியன் பேச்சு.

இப்படி வாயை மூடிய கொடியிலிருந்து வரும் ரத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. பளிச்சென்ற சிவப்பாக இருக்கும், வலி துளியும் இருக்காது, தூங்கி எழுந்தால் படுக்கை நனைந்திருக்கும். முதல் தடவை பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். "நின்னுடுச்சே" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அடுத்த தடவை அப்படி நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஸ்கேனில் கொடி எங்கே என்று தெரியும்வரை யாரும் விரல் விட்டு உள்பரிசோதனை செய்யக் கூடாது. அந்த விரல் பட்டே பெருக்கெடுக்கலாம். சின்ன கிளினிக்கில் கையுறை மாட்டிக்கொண்டு "செக் பண்ணிடலாம்" என்றால், "ஸ்கேன்ல கொடி கீழே இருக்குன்னு போட்டிருக்கு" என்று கூட இருப்பவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

முன்பு சிசேரியன் ஆனவருக்குக் கொடி கீழேயும் இருந்தால், அது பழைய தழும்புக்குள் வேர்விட்டு ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவில் 2006இல் வெளியான பெரிய ஆய்வில் இந்த இரண்டும் சேர்ந்தவர்களில், ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு 11 சதவீதமும், இரண்டு ஆனவர்களுக்கு 40 சதவீதமும் அப்படி ஒட்டியிருந்தது. பிரித்தெடுக்கப் போனால் லிட்டர் கணக்கில் ரத்தம் போகும். கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம். இத்தகைய பிரசவத்துக்கு ரத்த வங்கி, மயக்க மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் ஒரே கட்டடத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் சரி. பக்கத்துத் தெரு நர்சிங் ஹோம் எவ்வளவு ராசியான இடமாக இருந்தாலும் இதற்கு உதவாது.

வலியோடு வரும் ரத்தம்

குழந்தை பிறக்கும் முன்பே கொடி பிய்ந்துகொள்வது இதற்கு நேரெதிர். விடாத வயிற்று வலி, முதுகு வலி, விட்டு விட்டு இளகாமல் பலகை மாதிரி இறுகிய வயிறு, கருஞ்சிவப்பு ரத்தம், குறைந்துபோன அசைவு. சிலருக்கு ஒரு சொட்டுகூட வெளியே வராது. ரத்தம் கொடிக்குப் பின்னால் தேங்கிவிடும். கர்ப்பகால பிரஷர் உள்ளவர்கள், வயிற்றில் அடிபட்டவர்கள், பைக்கிலிருந்து விழுந்தவர்கள் இதில் முன்வரிசையில் இருக்கிறார்கள். குடிகார வீட்டில் வயிற்றில் விழும் உதையும் இதற்குக் காரணமாவதுண்டு. அதை டாக்டரிடம் மறைத்தால் சிகிச்சை தாமதமாகும். இங்கே நிமிடங்கள்தான் கணக்கு. தேங்கிய ரத்தம் உறைவுப் பொருள்களைத் தின்றுவிடுவதால், பிறகு எங்கே ஊசி குத்தினாலும் அங்கிருந்து ரத்தம் கசியும்.

பனிக்குடம் உடைந்த அதே நொடியில் ரத்தம் வந்து, குழந்தையின் துடிப்பும் இறங்கினால் அது குழந்தையின் ரத்தமாகவே இருக்கலாம். நிறைமாதக் குழந்தையின் உடலில் இருப்பதே கால் லிட்டர் சொச்சம்தான். அரிது, ஆனால் உடனடி சிசேரியன்.

வலி எடுக்கும் நேரத்தில் சளி போலக் குழகுழவென்று, இளஞ்சிவப்புக் கோடுகளோடு ஒரு ஸ்பூன் அளவு வருவதை லேபர் வார்டில் "ஷோ" என்பார்கள். அது பிரசவம் நெருங்கியதன் அறிகுறி. ஊற்றும் ரத்தத்தை "ஷோ" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏழாம் மாதத்துக்குள் முடிக்க வேண்டியவை

ரத்தப்போக்கை எப்போதும் தடுத்துவிட முடியாது. ஆனால் அது உயிரை எடுக்காமல் இருக்க முன்கூட்டியே செய்யக்கூடியது உண்டு. ஹீமோகுளோபின் 12 உள்ளவர் ஒரு லிட்டரைத் தாங்குவார். 7 உள்ளவருக்கு அரை லிட்டரே ஆபத்து. கர்ப்பத்தில் 11க்குக் கீழே போனால் சோகை, 7க்குக் கீழே கடுமையான சோகை. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபி, பால், கால்சிய மாத்திரை எதனோடும் சேர்க்காமல், இரண்டு மணி நேரம் தள்ளி, எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துச் சாப்பிடுங்கள். மலம் கறுத்துப் போவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை ஜன்னல் வழியே எறிவதுதான் நம் ஊர் வழக்கம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அயர்ன் சுக்ரோஸ் ஊசி உண்டு. ஒன்பதாம் மாதத்தில் ஆரம்பித்தால் பலன் வருமுன் பிரசவம் வந்துவிடும்.

கூடவே ரத்தப் பிரிவை எழுதிவைத்து, அதே பிரிவில் கொடுக்க முன்வரும் இரண்டு பேரிடம் இப்போதே பேசிவைக்க வேண்டும். பிரசவம் பார்க்கப்போகும் இடத்தில் இரவு இரண்டு மணிக்கு ரத்தம் கிடைக்குமா, ஆபரேஷன் செய்ய ஆள் இருக்குமா என்று நேரில் கேளுங்கள். முன்பு ரத்தப்போக்கு ஆனவர், இரட்டைக் குழந்தை, நாலைந்து பிரசவம் கண்டவர், கடும் சோகை உள்ளவர், கொடி கீழே உள்ளவர் ஆகியோர் சீமாங் மையம் (தாய்-சேய் அவசர சிகிச்சை மையம்) உள்ள அரசு மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

குழந்தை பிறந்த அந்த நிமிடம்

நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் ஓடுகிறது. கொடி கழன்றதும் அத்தனை குழாய்களும் திறந்துகிடக்கும். அவற்றை அடைப்பது பின்னலாகச் சுற்றியிருக்கும் தசைதான். தசை சுருங்கினால் குழாய்கள் நெரிபட்டு மூடும், சுருங்காமல் தளர்ந்தால் திறந்தே கிடக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் பத்தில் ஏழு இப்படித் தசை தளர்வதால் வருவது. மீதி: கிழிசல், உள்ளே தங்கிய கொடித் துண்டு, அரிதாக ரத்தம் உறையாத கோளாறு. வீட்டிலேயே பிரசவம் பார்க்கலாம் என்று வீடியோ போடுபவர்கள் இந்த 500 மில்லிக் கணக்கை மட்டும் சொல்வதில்லை.

ஆகவே குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில், கர்ப்பப்பைத் தசையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். மேசை மேல் வெயிலில் கிடந்த ஆம்பூல் தண்ணீருக்குச் சமம். குளிர்வசதி இல்லாத இடங்களுக்கு வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் 100 மைக்ரோகிராம் வந்திருக்கிறது. எதுவும் இல்லாத இடத்தில் மிசோப்ரோஸ்டால் 600 மைக்ரோகிராம் வாய்வழி. கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டக் கிராமங்களில் துணைச் செவிலியர்களை வைத்தே இதைச் சோதித்து, ரத்தப்போக்கு பாதியாகக் குறைவதை 2006இல் காட்டினார்கள்.

ஊசிக்குப் பின் கொடியை மெதுவாக இழுத்து எடுப்பார்கள். ஒரு கை அடிவயிற்றில் கர்ப்பப்பையை மேல்நோக்கித் தாங்க வேண்டும், தசை சுருங்கியிருக்கும்போதுதான் இழுக்க வேண்டும். தாங்காமல் இழுத்தால் கர்ப்பப்பையே உள்வெளியாகத் திரும்பி வந்துவிடும். வலி கூட்டுகிறேன் என்று குழந்தை பிறக்கும் முன்பே தசையில் ஆக்ஸிடோசின் போடுவதும், மேலே ஏறி வயிற்றை அமுக்குவதும் கர்ப்பப்பையைக் கிழிக்கக்கூடியவை. 30 நிமிடத்தில் கொடி வராவிட்டால் மயக்கம் கொடுத்துக் கையால் எடுக்க வேண்டும்.

ரத்தம் நிற்கவில்லை என்றால்

இங்கே வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக, "பார்க்கலாம்" என்று இழுத்துச் செய்வதுதான் பழைய தவறு. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், தாயின் இடுப்புக்குக் கீழே அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து, கோடு தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கினார்கள். கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. அதைவிட உறைப்பான எண் இது: கண்ணால் பார்த்த இடங்களில் ரத்தப்போக்கில் ஏறக்குறைய பாதிதான் கண்டுபிடிக்கப்பட்டது, விரிப்பு வைத்த இடங்களில் 93 சதவீதம். 300 மில்லி தாண்டியபோதே நாடி 100க்கு மேல் அல்லது மேல் பிரஷர் 100க்குக் கீழ் என்றால், 500 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் 15 நிமிடத்தில் நடக்க வேண்டியவை:

1. உதவிக்குக் கூப்பிடுவது. ஒருவர் மட்டும் சமாளிக்க முயல்வதில் நேரம் போகும்.
2. தொப்புளருகே கர்ப்பப்பையைப் பிடித்து, கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாகும்வரை தேய்ப்பது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை சுருங்காது. டியூப் போட்டுக் காலி செய்வது.
3. ஆக்ஸிடோசின் டிரிப்ஸ். போதாவிட்டால் நாக்கடியில் மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராம் அல்லது வேறு ஊசி. பிரஷர் உள்ளவருக்கு எர்கோமெட்ரினும், ஆஸ்துமா உள்ளவருக்குக் கார்போப்ராஸ்டும் கூடாது. வீட்டார் இதை மறக்காமல் சொல்ல வேண்டும்.
4. உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், நரம்பு வழியே பத்து நிமிடத்தில்.
5. டிரிப்ஸ், ஏற்றப்போகும் ரத்தம் ஒத்துப்போகுமா என்று சோதிக்க ரத்தம் எடுத்தல், வெளிச்சம் போட்டுக் கிழிசல் தேடுதல், கொடி முழுதாக வந்ததா என்று பார்த்தல். கர்ப்பப்பை கெட்டியாக இருந்தும் சிவப்பாக ஓடினால் காரணம் பெரும்பாலும் கிழிசல்தான்.

டிரானெக்ஸாமிக் ஆசிட்டை 1960களில் ஜப்பானில் உருவாக்கியவர்கள் உடாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ தம்பதி. பிரசவ ரத்தப்போக்குக்கு அதைச் சோதிக்க வேண்டும் என்று உடாகோ அம்மையார் விரும்பியும் அப்போது மருத்துவர்கள் இசையவில்லை. 20,060 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2017இல் வந்தது. அவர் 2016இலேயே காலமாகிவிட்டார். 3 மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களிடம் ரத்தப்போக்கு மரணம் 30 சதவீத அளவுக்குக் குறைந்திருந்தது. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் பத்தில் ஒரு பங்கு கரையும். 3 மணி நேரம் கடந்தால் பயனில்லை.

இவ்வளவுக்கும் நிற்காவிட்டால் கர்ப்பப்பைக்குள் பலூன் வைத்து நீர் நிரப்பி அழுத்துவார்கள். வாங்க வசதியில்லாத இடத்துக்கு வங்கதேச மருத்துவர் சயேபா அக்தர் காட்டிய வழி, ரப்பர் குழாயில் ஆணுறையைக் கட்டி உப்புநீர் நிரப்புவது. வேறு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமானால் கணுக்காலிலிருந்து வயிறுவரை இறுக்கிச் சுற்றும் அதிர்ச்சி எதிர்ப்பு உடை கைகொடுக்கும். தமிழ்நாட்டு ஆம்புலன்ஸ்களிலும் அது பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. அதைப் பெரிய மருத்துவமனை போய்ச் சேரும் முன் "இறுக்கமா இருக்கே" என்று உறவினர் கழற்றிவிடக் கூடாது; கழற்றினால் பிரஷர் மளமளவென்று விழும். கடைசியில் கர்ப்பப்பையைச் சுற்றித் தையல், ரத்தக்குழாய் கட்டுதல், வேறு வழியே இல்லாதபோது கர்ப்பப்பையை அகற்றுதல். கையெழுத்துக்காகப் பெரியவர்கள் ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கடைசி வழியும் அடைபடும்.

வார்டில் துணைக்கு இருப்பவரின் வேலை

முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பேடைப் பாருங்கள், கையைத் தொட்டுப் பாருங்கள். நர்ஸிடம் கேட்டுக் கர்ப்பப்பையைத் தொட்டுப் பழகிக்கொள்ளுங்கள். தொப்புளருகே கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும், பிசைந்த மாவு மாதிரி தட்டுப்பட்டால் உடனே கூப்பிட வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சிறுநீர் கழிக்கவைப்பது அவசியம். குழந்தையை உடனே மார்பில் போட்டால் உடலே ஆக்ஸிடோசின் சுரக்கும்.

"அழுக்கு ரத்தம், போகட்டும், போனாத்தான் வயிறு சுத்தமாகும்" என்ற பேச்சைப்போல் கொடிய பேச்சு பிரசவ அறையில் வேறில்லை. பெற்றவளின் உடம்பில் அழுக்கு ரத்தம் என்று ஒன்றும் கிடையாது. ஓடுவதெல்லாம் இதயத்திலிருந்து வரும் அதே ரத்தம். வயிற்றை இறுக்கிச் சேலை கட்டும் பழக்கமும் முதல் நாளில் வேண்டாம். கட்டுக்குள் கர்ப்பப்பை தளர்ந்து ரத்தம் நிறைவது வெளியே தெரியாது. தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று போர்வையை இழுத்துவிடும் முன், போர்வைக்கு அடியில் ஒரு தடவை பாருங்கள்.

வீடு திரும்பிய பின் ஆறு வாரம்

மூன்று நாலு நாள் சிவப்பு, பத்து நாள்வரை பழுப்பு, பிறகு வெளிர் மஞ்சள்: இதுதான் ஒழுங்கு. வேலை செய்த நாளில் கொஞ்சம் சிவந்து அடங்கலாம். அடங்கிய ரத்தம் திரும்பவும் பேட் நனைய வந்தால், எலுமிச்சை அளவுக் கட்டிகள் விழுந்தால், நாற்றமோ காய்ச்சலோ சேர்ந்தால் உள்ளே கொடித் துண்டோ கிருமித்தொற்றோ இருக்கலாம். சிசேரியன் ஆனவருக்கும் இது வரும். பிரசவ லேகியத்துக்கு இதில் வேலையில்லை.

அதிக ரத்தம் இழந்தவர் ஆறு வாரம் கழித்து ஹீமோகுளோபின் மறுபடி பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை ஆறு மாதம். பால் சுரக்கவே இல்லை, மாதக்கணக்கில் தீட்டு திரும்பவில்லை, குளிர் தாங்கவில்லை, எந்நேரமும் அசதி என்றால், "சத்து பத்தலை" என்று விட்டுவிடாமல் ஹார்மோன் பரிசோதனை கேளுங்கள். அதிக ரத்த இழப்பில் மூளையடிச் சுரப்பி பட்டுப்போவதால் வரும் ஷீஹன் நோய் இப்படித்தான் தொடங்கும். பல வருடம் யாருக்கும் பிடிபடாமல் போவதுண்டு.

டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போது நாலு விவரம் அதில் இருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள்: எத்தனை மில்லி ரத்தம் போனது, காரணம் என்ன, எத்தனை யூனிட் ரத்தம் ஏற்றினார்கள், கர்ப்பப்பையில் தையல் ஏதும் போட்டார்களா. அடுத்த பிரசவத்தில் நள்ளிரவில் பார்க்கும் டாக்டருக்கு அந்தச் சீட்டு மட்டும்தான் தெரியும்.